கவின் வில்லன் இல்லைங்க



'வெண்பா' என்ற கணினி விளையாட்டைப் பேரனோடு உட்கார்ந்து முடித்துவிட்டேன் என்று போன ஞாயிறு நாலு வரி போட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்களைப் படித்து மாளவில்லை. "டீச்சர், நீங்க கேமெல்லாம் ஆடறீங்களா?" என்று வாய் பிளந்தவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் ஏற்கெனவே ஆடியவர்கள், இல்லையென்றால் யூடியூபில் அடுத்தவர் ஆடுவதைப் பார்த்தவர்கள். அவர்களுக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்திருக்கிறது. மகன் கவின்தான் அந்தக் கதையின் வில்லன், பெற்றவளைத் தவிக்கவிட்ட பிள்ளை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. என் தம்பி மகள், "அத்தை, அந்தப் பையனை ரெண்டு சாத்து சாத்தணும்" என்று எழுதியிருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் மாணவன் ஒருவன் மட்டும் ஒரு வார்த்தையும் எழுதாமல் அழுகிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. அதைத் தனியாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள் என்று உங்களுக்குத் தெரியாததா?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 'வெண்பா' 2023 ஜூலையில் வெளிவந்தது. கனடாவில் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. அதை உருவாக்கிய அபி என்பவர் சிறுவயதில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போனவர். 1988-ல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. மனைவி வெண்பா, கணவன் பாவலன், அங்கே போய்ப் பிறக்கும் மகன் கவின். ஆடுகிறவருடைய வேலை சமைப்பது. கரண்டியும் இட்லித் தட்டும்தான் ஆயுதம். ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வருடங்கள் ஓடிவிடும். ஒவ்வொன்றிலும் சமையல் இருக்கும், அதைச் சுற்றி வீட்டுப் பேச்சு இருக்கும், ரேடியோவில் அந்தந்தக் காலத்து சினிமாப் பாட்டு மாதிரியே செய்த பாட்டு ஓடும். மொத்தமே ஒன்றரை மணி நேரம். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசு இதற்குக் கிடைத்தது.

பேர் வைத்த அழகிலேயே எனக்குப் பாதி மனசு நிறைந்துவிட்டது. பாவலன், வெண்பா! வெண்பாவில் மற்ற அடிகளுக்கெல்லாம் நாலு சீர், கடைசி அடிக்கு மூன்றே சீர். அதிலும் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்று குட்டையாக நின்றுவிடும். இந்தக் கதையின் கடைசி அடியிலும் வீட்டில் ஓர் ஆள் குறைகிறது. நினைத்துத்தான் வைத்தார்களோ என்னவோ, எனக்குப் பட்டதைச் சொன்னேன். இதற்கு மேல் கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப் போகிறேன். ஆட நினைப்பவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

என் மகளின் மகன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். லீவுக்கு வந்தவன்தான் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். பாதிக் கதை போனதும், "அம்மாயி, நல்லாத்தான் இருக்குது. ஆனா வில்லனையே காணோமே" என்றான். அவனுடைய படிக்கல் வேறு. அவன் மூன்று தடவை முடித்த விளையாட்டு 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. ராக்ஸ்டார் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது. 1899-ல் அமெரிக்காவில் அலையும் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் கதை. ஆறு அத்தியாயம், அதற்கு மேல் பின்கதை. அது பெரியவர்களுக்கானது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நான் அதை ஆடவில்லை. அங்கங்கே நடுவில் போட்டுக் காட்டிக்கொண்டே பேரன் ஒரு மத்தியானம் முழுக்க எனக்குக் கதை சொன்னான். கேட்டபோது, நல்ல நாவலுக்கு ஒரு மாற்றும் குறையவில்லை என்றுதான் தோன்றியது.

அதில் வில்லன் இடம் மாறிக்கொண்டே வருகிறான், அதுதான் விசேஷம். முதலில் எதிரிக் கூட்டத்துத் தலைவன் கோல்ம் ஓ'டிரிஸ்கால். அப்புறம் ரயிலும் எண்ணெயும் வைத்திருக்கும் பணக்காரர் கார்ன்வால். மூன்றாவது அத்தியாயத்தில் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்ளும் இரண்டு பண்ணைக் குடும்பங்கள். நாலாவதில் நகரத்தையே கைக்குள் வைத்திருக்கும் பிரான்டே. இப்படி வெளியே வெளியே காட்டிக்கொண்டு வந்து, கடைசி அத்தியாயத்தில் வில்லன் ஒரே சட்டியில் சோறு தின்றவர்களுக்குள்ளேயே இருக்கிறான். கூட்டத்தின் தலைவன் டச் அப்பா மாதிரி இருந்தவன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப் போகிறான். அவன் காதில் ஓதிக்கொண்டே இருப்பவன் மைக்கா.

பேரன் "மைக்காதான் பெஸ்ட் வில்லன்" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மைக்கா முதல் அத்தியாயத்திலும் அதே மைக்கா, கடைசியிலும் அதே மைக்கா. வளராத பாத்திரம். டச் தேவலை, அவனாவது மாறுகிறான். ஆனால் அந்தக் கதையின் உண்மையான வில்லன் ஆள் இல்லை என்பது என் கட்சி. இரண்டாவது அத்தியாயத்தில் கதாநாயகன் ஆர்தர் மார்கன் வட்டிக்கடன் வசூலிக்கப் போகிறான். கடன் வாங்கியவர் டௌன்ஸ் என்ற நோயாளி விவசாயி. பெண்டாட்டியும் பிள்ளையும் பார்க்க, வீட்டு வாசலிலேயே அடிக்கிறான். அந்த மனுஷர் இவன் முகத்தில் இருமுகிறார். கொஞ்ச நாளில் அவர் செத்துப்போகிறார், குடும்பம் தெருவுக்கு வருகிறது. ஆடுகிறவர்கள் இதைச் சில்லறை வேலை என்று நினைத்து மறந்துவிடுவார்களாம். ஐந்தாவது அத்தியாயத்தில் ஆர்தருக்குக் காசநோய் என்று டாக்டர் சொல்லும்போதுதான் அந்த இருமல் ஞாபகம் வரும். அதன்பிறகு கூட்டத்தில் வட்டித்தொழில் நடத்திய ஸ்ட்ராஸைத் துரத்திவிடுகிறான், டௌன்ஸ் பெண்டாட்டியைத் தேடிப் போய்க் கைகொடுக்கிறான்.

கடன் வசூல் என்றால் என்ன என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாரவட்டிக்காரன் வருகிற கிழமையில் வீட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சு விடாமல் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். இந்தக் கடன் என்ற விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், 'வெண்பா'வில் திரும்ப வருவேன்.

என்னுடைய படிக்கல் என்ன என்று பேரன் கேட்டான். எனக்கு அண்ணன்மார் சாமி கதைதான். நம் பக்கத்தில் ராத்திரி ராத்திரியாக உடுக்கை அடித்துப் பாடியதை உங்களில் ஐம்பது தாண்டியவர்கள் கேட்டிருப்பீர்கள். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965-ல் தங்கி அந்தப் பாட்டை ஒலிநாடாவில் பதிவுசெய்தவர் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர். 1982-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார், பிற்பாடு அதையே கார்ட்டூன் தொடராகவும் ஆக்கினார். அவருக்கும் ஊர் டொரன்டோதான். நம் சரக்கு எங்கெங்கே சுற்றி வருகிறது பாருங்கள்!

அந்தக் கதையில் தலைமுறைக்கு ஒரு வில்லன். அப்பா குன்னுடையாக் கவுண்டர் காலத்தில் பங்காளிகள். பிள்ளைகள் பொன்னர், சங்கர் காலத்தில் தலையூர் காளியும், கொம்பன் என்ற காட்டுப்பன்றியும். எல்லாரும் எல்லைக்கு வெளியே இருப்பவர்கள், இல்லாவிட்டால் வரப்புக்கு அந்தப்புறம் இருப்பவர்கள். வெட்டினால் தீர்ந்தது. சங்கரின் முன்கோபம் எத்தனை காரியத்தைக் கெடுக்கிறது! அதை யாரும் வில்லன் கணக்கில் சேர்ப்பதில்லை. தலையூர் காளியைத் தங்கள் ஆளாக நினைக்கும் மக்களும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். யார் வீட்டு வாசலில் உடுக்கை அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது வில்லன் பட்டியல். அந்தக் கதையில் நிஜமாக வளர்கிற பாத்திரம் என்று கேட்டால் நான் தங்கை அருக்காணித் தங்காளைத்தான் சொல்வேன். வீட்டோடு இருந்த பெண், அண்ணன்கள் விழுந்த படுகளத்தைத் தேடிக் காடு மேடு தாண்டி நடக்கிறாள், விழுந்தவர்களை எழுப்புகிறாள். சண்டை போட்டதென்னவோ ஆண்கள். கதையைச் சுமந்துகொண்டு கடைசிவரை வந்தவள் அவள்தான்.

ஆக, வில்லன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தால் பாத்திரம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அண்ணன்மாருக்கு வில்லன் வெளியே. ஆர்தருக்கு முதலில் வெளியே, அப்புறம் கூடாரத்துக்குள், கடைசியில் தன் நுரையீரலுக்குள். 'வெண்பா'வை இந்தக் கண்ணோடு அத்தியாயம் அத்தியாயமாகப் பாருங்கள்.

முதல் அத்தியாயத்தில் வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை. இட்லி செய்யணும். கையில் இருப்பது அம்மா எழுதிக் கொடுத்த சமையல் புத்தகம். அது கிழிந்து, கறைபட்டு, முக்கியமான இடத்தில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதை நாமே யோசிக்க வேண்டும். குழிக்கு நேர்மேலே குழி வந்தால் மாவு அமுங்கும். கீழ்த்தட்டுக் குழிக்கு மேலே அடுத்த தட்டின் ஓட்டை வரணும், ஆவி ஏறுவதற்கு. பேரன் இரண்டு தடவை தோற்றான். நான் எடுத்ததும் வைத்துவிட்டேன். இந்த வயசில் கணினி விளையாட்டில் ஜெயிப்பதும் ஒரு தனி சுகம்தான், சும்மா சொல்லக்கூடாது.

இந்த அத்தியாயத்தில் வில்லன் யார்? ஊர் என்று சொல்லலாம். படித்த புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அந்த ஊரில் காலூன்ற முடியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்ற பேச்சு ஓடுகிறது. அப்போதுதான் அவள் உண்டாகியிருப்பது தெரிகிறது. பிறக்கப்போகும் பிள்ளைக்காக அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

அந்த முடிவைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். கவின் பிறக்கவே இல்லை, அதற்குள் அவன் பேரில் ஒரு கடன் எழுதியாகிவிட்டது. 'உனக்காகத்தான் இங்கே கிடக்கிறோம்' என்ற கடன். கையெழுத்துப் போடாத கடன், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நம் வீடுகளில் இதை எத்தனை விதமாகச் சொல்கிறோம். 'உனக்காகத்தான் நைட் ஷிப்ட் பார்க்கிறேன்', 'உன் பீஸுக்காகத்தான் நகையை வச்சேன்.' சொல்வது பொய் இல்லை, நூற்றுக்கு நூறு உண்மை. உண்மையாக இருப்பதனால்தான் பிள்ளையால் திருப்பிப் பேச முடிவதில்லை.

அடுத்து புட்டு செய்யும் அத்தியாயம். பையன் வளர்ந்துவிட்டான். அம்மா தமிழில் பேசச் சொல்கிறாள், அவன் வாயில் இங்கிலீஷ்தான் வருகிறது. கூடப் படிக்கிறவர்களைப் போல இருக்கணும் என்று ஆசைப்படுகிற வயசு. வெண்பா பக்கம் நின்று பார்த்தால் வில்லன் அந்தப் பள்ளிக்கூடம். பையன் பக்கம் நின்று பார்த்தால், வாயைத் திறந்தாலே திருத்துகிற அம்மா. இரண்டு பேரும் புட்டுக்குழல் வைத்த அதே அடுப்பங்கரையில் நிற்கிறார்கள். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அடிக்க ஆள் இல்லாததுதான் இந்தக் கதையில் வலிக்கிறது. பேரனுக்கு வில்லன் தட்டுப்படாததற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் வருகிறது உங்களையெல்லாம் கோபப்படுத்திய விருந்து. வளர்ந்த மகனுக்காக வெண்பா ஒவ்வொரு பதார்த்தமாகச் செய்து அடுக்குகிறாள். அவள் நினைத்த மாதிரி அந்த விருந்து நடப்பதில்லை. சினிமாவில் இந்தக் காட்சி வந்தால் 'அடப்பாவி' என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். இங்கே அத்தனையையும் சமைத்தது நம் கை. மசாலா போட்டது நாம், கிளறியது நாம். சமைத்தவளுக்கு வருகிற கோபம் நமக்கு வந்துவிடுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. நீங்கள் அந்தக் கோபத்தோடேயே நின்றுவிட்டீர்கள் என்பதுதான் என் குறை.

விளையாட்டு அங்கே நிற்கவில்லை. பாவலன் போய்ச் சேர்ந்துவிடுகிறார். வெண்பா இந்தியாவுக்குத் திரும்பிவிடுகிறாள். அதற்குப் பின்னால் வரும் அத்தியாயத்தில் கரண்டி நம் கையில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது நாம் வெண்பா இல்லை, கவின். காலி வீட்டில் நின்றுகொண்டு, அம்மாவின் அதே புத்தகத்தைப் பார்த்துச் சமைக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் புத்தகம் கிழிந்திருந்தது. இப்போது கிழிசல் கவினுக்குள் இருக்கிறது. அவனால் தமிழைச் சரியாகப் படிக்க முடியவில்லை. ஒரு சொல் புரிகிறது, அடுத்த சொல் நழுவுகிறது, மிச்சத்தை ஊகித்துத்தான் சமைக்க வேண்டும்.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தவள் நான். தமிழ் எழுத்து முன்னால் இருந்தும் அர்த்தம் பிடிபடாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு நேரம் எவன் மேல் கோபப்பட்டோமோ, அவன் உடம்புக்குள்ளேயே நம்மை இறக்கிவிட்டு, இப்போ நீ சமை பார்க்கலாம் என்கிறது கதை. உடுக்கைப் பாட்டில் இதைச் செய்ய முடியாது, சினிமாவிலும் முடியாது. தலையூர் காளியாக ஒரு ராத்திரி நின்று பார் என்று எந்தப் பூசாரி நம்மிடம் சொல்லியிருக்கிறார்?

கவின் வளர்வது அந்த அடுப்படியில்தான். யாரும் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை, யாரும் அறையவில்லை. அம்மாவின் கையெழுத்தைப் படிக்க முடியாமல் நிற்கிறான், அவ்வளவுதான். பிறகு அம்மாவைத் தேடி ஊருக்கு வருகிறான், இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கிறார்கள்.

தம்பி மகளே, நீ சாத்தச் சொன்ன பையன் ஏற்கெனவே வேண்டிய அளவு வாங்கிவிட்டான்.

இப்போது கொஞ்சம் நம் ஊருக்கு வருகிறேன். சிலருக்குக் கசக்கும், பரவாயில்லை.

'வெண்பா'வை டொரன்டோ கதை, வெளிநாடு போனவர்கள் கதை என்று பலரும் எழுதியிருந்தீர்கள். அவிநாசிபாளையத்திலிருந்து திருப்பூர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் லைன் வீடுகளைப் பாருங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் என்று எங்கெங்கோ இருந்து வந்த வெண்பாக்களும் பாவலன்களும் காலையில் எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போய், ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வெளியே வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால் நாலாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். ஒடிசாக் குடும்பம். அப்பா ஓவர்லாக், அம்மா செக்கிங். ஒரே வருடத்தில் "ஏனுங் டீச்சர்" என்று நம் பிள்ளைகளைவிட அழகாகக் கொங்குத் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள். கையெழுத்துப் போட அம்மா வந்தால் அவள்தான் மொழிபெயர்ப்பு. அம்மா ஒடியாவில் ஏதாவது கேட்பாள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்றால் இவள் வேண்டுமென்றே தமிழில் பதில் சொல்வாள். அம்மாவுக்குப் புரியாது, சிரித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்திருந்தாள். என்ன என்று பார்த்தால் பக்காளா. ஒடிசாக்காரர்களின் தண்ணி ஊற்றிய சோறு. நம் பழைய சோறேதான், பேர்தான் வேறு. பிள்ளைகள் கேலி செய்துவிட்டார்கள் போல. உங்கள் தாத்தா பாட்டி எல்லாரும் இதைக் குடித்துவிட்டுத்தான் ஏர் ஓட்டினார்கள் என்று அன்றைக்கு வகுப்பில் அரை மணி நேரம் பேசினேன். அதைக் கேட்டுத் திருந்தினார்களா தெரியாது, அடுத்த நாள் இரண்டு பையன்கள் வெங்காயத்தோடு பழைய சோறு கொண்டு வந்தார்கள்.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பொங்கலுக்கு எனக்குப் பிழையில்லாத தமிழில் வாழ்த்து அனுப்புகிறாள். ஊரிலிருந்து அவள் அம்மாவின் அம்மா போன் செய்தால் பாதிதான் புரியுமாம், "சரி சரி" என்று சொல்லி வைத்துவிடுவாளாம். தமிழ் டீச்சராக எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்த ஆத்தாவை நினைத்தால் சங்கடமாகவும் இருந்தது.

அந்த வீட்டுக் கதையை நாளைக்கு யாராவது விளையாட்டாகச் செய்தால் அதில் பனி பெய்யும் ஊர் இருக்காது, திருப்பூர் இருக்கும். வேலை தருகிற ஊர், பிள்ளைக்கு மொழி தருகிற ஊர், அதே கையோடு அம்மாவின் மொழியைப் பிடுங்கிக்கொள்கிற ஊர். அதில் நமக்கு என்ன வேஷம் கொடுப்பார்கள்? 'வெண்பா'வுக்கு அழுதேன் என்று திங்கட்கிழமை எழுதிய நம் சொந்தக்காரர்களில் இரண்டு பேர், புதன்கிழமை 'வடக்கன்' என்று போட்ட மீமைக் குடும்பக் குழுவில் தள்ளிவிட்டிருந்தார்கள். பேர் சொல்லவில்லை. அவர்களும் இதைப் படிப்பார்கள். டொரன்டோவில் ஒருத்தி புட்டு அவித்தால் கண்ணீர் வருகிறது, அடுத்த லைன் வீட்டில் ஒருத்தி பக்காளா கரைத்தால் சிரிப்பு வருகிறது என்றால் அந்த விளையாட்டை நாம் ஆடி முடித்ததாகவே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. பாவலனைச் சரியாக வளர்க்கவில்லை. ஒரு கவிஞன் பேரை வைத்துவிட்டு, நல்ல புருஷன், நல்ல அப்பா என்பதற்கு மேல் அவருக்கு என்ன ஆசை இருந்தது, என்ன கோபம் இருந்தது என்று காட்டவே இல்லை. வருடங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில் அவர் சாவும் தாண்டிப் போய்விடுகிறது. அவர் பார்வையில் ஓர் அத்தியாயம் இருந்திருக்க வேண்டும். அவரையும் ஒரு தடவை சமைக்க விட்டிருக்கலாம், கருகினாலும் பரவாயில்லை. கடைசியில் அம்மாவும் மகனும் சமாதானம் ஆவதும் அவசரம்தான். அத்தனை வருட மனத்தாங்கல் ஒரு சமையலில் ஆறுமா? ஆர்தர் மார்கன் மனசு மாற ஐம்பது மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் ஒரு மணி நேரமாவது கூடுதலாக எடுத்திருக்கலாம். பேரன் இதை மட்டும் முழுசாக ஒத்துக்கொண்டான்.

இன்னொரு சந்தேகமும் பாக்கி இருக்கிறது. 1988-ல் அந்தக் குளிரில் இட்லி மாவை எப்படிப் புளிக்க வைத்தார்கள்? அவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டுவிட்டு மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வைப்போம் என்று அங்கே இருக்கும் மாணவி ஒருத்தி சொன்னாள். மாவை எதில் ஆட்டினார்கள், இட்லி அரிசி கிடைத்ததா, இல்லாவிட்டால் எந்த அரிசியைப் போட்டார்கள் என்றெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை, அவள் போனதே 2010-க்கு அப்புறம்தான். அந்தக் காலத்திலேயே போன உறவுக்காரர்கள் கனடாவிலோ அமெரிக்காவிலோ இருந்தால் கீழே எழுதுங்கள். அளவோடு எழுதுங்கள், ஆழாக்குக் கணக்காக இருந்தாலும் சரி.